பாய்ப்படகுக்கு மூன்று முறை யன்னல் பூட்டினோம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மற்ற இரண்டும் என் கணவரின் தம்பியின் பிள்ளைகள். தாய் தகப்பன் இல்லாமல் வந்ததுகள். ஏழு பேரையும் உரும்பிராயில் வெங்காயத் தோட்டத்தை வைத்துத்தான் ஆளாக்கினேன். ஒருவருக்கும் என் கையால் அடி விழுந்ததில்லை. வாயால் விழுந்ததை எண்ண முடியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

இது என் மூன்றாவது மகனின் படகுக்கு யன்னல் பூட்டின கதை.

அவன் நோர்வேயில் இருபத்தைந்து வருடம் லொறி ஓட்டினவன். போன வருடம் ஊரோடு வந்துவிட்டான். வந்தவன் காணி வாங்கவில்லை, வீட்டுக்கு மேல்மாடி எடுக்கவில்லை. ஒரு பாய்ப்படகு வாங்கினான். யாரோ ஒரு வெள்ளைக்காரச் சோடி அதில் உலகம் சுற்றிக் களைத்துப் போய், திருகோணமலையில் விற்றுவிட்டு விமானத்தில் ஏறிவிட்டார்களாம். அதை இவன் கடல் வழியே கொண்டுவந்து காரைநகர்த் துறையில் கட்டினான்.

என் கணவரின் தங்கை பக்கத்து வளவில்தான் இருக்கிறாள். எனக்கு மச்சாள். நாற்பத்தைந்து வருடமாக வேலிக்கு அங்காலும் இங்காலும் நின்று சண்டை பிடிக்கிறோம், ஒரு நாளும் பேச்சு முறிந்ததில்லை. படகு வந்த செய்தி கேட்டதும் அவள் கோயில் வீதியில் நாலு பெண்களுக்கு முன்னால் என்னைப் பிடித்தாள்.

"ஏன் மச்சாள், வெங்காயம் கிண்டின ஆக்களுக்கு என்னத்துக்குக் கப்பல்?"

"ஏன், வெங்காயம் கிண்டினால் கடல் எங்களை வேண்டாமெண்டுமோ? உள்ளுக்கை அடுப்பு இருக்கு, கட்டில் இருக்கு, கக்கூசும் இருக்கு. நீ நயினாதீவுக்குப் போற மோட்டர் லோஞ்சிலை கட்டில் இருக்கோ?"

"இருக்கட்டும். நீங்கள் ஏறினியளோ அதிலை?"

அந்தக் கேள்வி என்னைக் குத்திவிட்டது. நான் அதுவரைக்கும் ஏறவில்லை.

"சோளகம் துவங்க முன்னம் அதிலைதான் நயினாதீவு அம்மாள் கோயிலுக்குப் போய் வருவன். வாறதெண்டால் நீயும் வா, இடம் இருக்கு."

"பாப்பம், பாப்பம்," என்றாள். மற்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

சொன்னது சொன்னதுதான். இந்த வயதில் எனக்கு மிச்சமாக இருப்பது என் சொல் ஒன்றுதான். சோளகம் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. அது தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. பலத்துவிட்டால் நயினாதீவுக்குப் போகிற படகின் முகத்திலேயே அடிக்கும். அந்தக் காற்றுக்குள் என்னைப் போன்ற கிழவியை எந்த மகனும் ஏற்ற மாட்டான்.

அன்று பின்னேரமே மகனிடம் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"அம்மா, இடது பக்கத்து யன்னல் ஒழுகுது. திருகோணமலையிலை இருந்து வரேக்கை உள்ளுக்கை ஒரே வெள்ளம். அதுக்குக் கீழைதான் பற்றரி, வயர், ரேடியோ எல்லாம். உப்புத்தண்ணி பட்டால் நடுக்கடலிலை நிண்டுடுவம்."

"அப்ப யன்னலைத் திருத்து."

"திருத்தினால் போவம். திருத்தாட்டில் இல்லை. சும்மா நச்சரிக்காதையுங்கோ."

அடுத்த கிழமை ஊர்காவற்றுறையில் இருந்து ஓர் ஓடாவியார் வந்தார். படகு கட்டுகிற தச்சரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அறுபது கடந்த மனிதர். பாதிப் பல் இல்லை, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. நானும் மத்தியானச் சாப்பாட்டைப் பனையோலைக் கடகத்தில் வைத்துக்கொண்டு மகனின் வான் வண்டியில் போனேன். துறையில் இருந்து படகுக்கு ஒரு பலகை போட்டிருந்தது. மகன் கை நீட்டினான். நான் பிடிக்கவில்லை. வாய்க்கால் வரம்பில் தண்ணீர்க் குடத்தோடு நடந்த கால்கள் இவை.

உள்ளே போனால் மச்சாளுக்கு நான் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. இரண்டு பக்கமும் உட்கார நீள வாங்கு, அதன் மேல் மெத்தை, இழுப்பு லாச்சி வைத்த சின்ன மேசை. யன்னல் ஒரு முழ நீளம், ஒரு சாண் உயரம். கண்ணாடி இல்லை, கண்ணாடி மாதிரித் தடித்த பிளாஸ்டிக். அதைச் சுற்றி அலுமினியச் சட்டம், சட்டத்துக்குப் பதினாறு திருகாணி. அதன் கீழ் மெத்தை உப்புப் பூத்துக் கிடந்தது.

ஓடாவியார் பதினாறு திருகாணியையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டார். சட்டத்தைத் தூக்கினால், அடியில் பழைய பசை மூன்று நாலு நிறத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்று.

"ஒழுக ஒழுக மேலாலை அப்பியிருக்கினம்," என்றார். "பழசை எடுக்காமல் புதுசு ஒட்டாது அக்கா. முகத்திலை அழுக்கு இருக்கேக்கை பவுடர் போட்டது மாதிரி."

விடிய எட்டு மணிக்குத் தொடங்கி, மத்தியானம் வரை தகட்டால் சுரண்டினார். பிறகு ஒரு பழந்துணியில் தின்னர் ஊற்றித் துடைத்தார். துணி கறுக்காமல் வரும் வரைக்கும் துடைத்தார். வேலை தெரிந்த மனிதர், பார்க்கவே எனக்குச் சந்தோசமாக இருந்தது.

"இனி ஒருத்தரும் இதிலை கை வைக்கக் கூடாது. சாப்பிட்டு வந்து பசை வைப்பம்," என்று சொல்லிவிட்டு மகனோடு துறைக்கு இறங்கினார்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு நிலை வைக்கிறது என்றால் பெரிய காரியம். கதவுக்கோ யன்னலுக்கோ சட்டம் நிறுத்தும் முன்னர் நல்ல நேரம் பார்த்து, சட்டத்துக்கு நல்லெண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து, அதற்குப் பிறகுதான் மேசன் கரண்டியை எடுப்பார். என் வீட்டில் ஆறு யன்னல். ஆறுக்கும் நான்தான் எண்ணெய் வைத்தேன். ஐம்பது வருடம் ஆகிறது, ஒரு யன்னலும் ஒரு மழைக்கும் ஒரு சொட்டு விட்டதில்லை. அப்படியிருக்கக் கடலில் போகிற யன்னலை மொட்டையாகப் பூட்டலாமா?

காலையிலேயே மகனிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"உது வீடில்லை அம்மா. உங்கடை சடங்குகளை உரும்பிராயிலை வைச்சிருங்கோ," என்றான்.

நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டேன் என்பதற்காக ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. அவர்கள் துறையில் பூவரச மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்ததும், கடகத்தின் அடியில் இருந்து சின்னப் போத்தலை எடுத்தேன். யன்னல் ஓட்டையின் மேல் விளிம்பில், நடுவில், மூன்று விரலால் ஓர் இழுப்பு. அதன் மேல் சந்தனப் பொட்டு. கும்பிட்டேன். பிறகு சந்தனம் தெரியக் கூடாது என்று சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். சந்தனம் போய்விட்டது. எண்ணெயைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

ஓடாவியார் கறுப்புப் பசையைக் குழாயில் இருந்து பிதுக்கிச் சுற்றிவர வைத்துச் சட்டத்தை அமர்த்தினார். திருகாணியை அரைவாசிதான் முறுக்கினார்.

"ஏன் ஓடாவியார், மிச்சத்தை ஆர் முறுக்கிறது?" என்று கேட்டேன்.

"முழுக்க இறுக்கினால் பசை எல்லாம் வெளியிலை வந்திடும், உள்ளுக்கை ஒண்டும் மிஞ்சாது. ரெண்டு நாள் காய விட்டு, பிறகு ஒரு சின்ன முறுக்கு."

எனக்கு விளங்கியது. கொழுக்கட்டை வாய் பொத்துகிறதும் அப்படித்தான். கூட அமத்தினால் மா மெலிந்து பயறு வெளியே வரும். நான் இதைச் சொல்ல, அவர் "அக்காவை வேலைக்கு எடுக்கலாம்," என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமை.

மூன்றாம் நாள் அந்தச் சின்ன முறுக்கும் கொடுத்த பிறகு மகன் யன்னலில் வாளியால் தண்ணீர் அடித்துப் பார்த்தான். ஒழுகியது.

ஓடாவியாருக்கு நம்ப முடியவில்லை. எனக்கும்தான். திரும்பக் கழற்றினார், சுரண்டினார், துடைத்தார், சாப்பிடப் போனார். நான் பூவரச மரத்தைப் பார்த்தபடி யோசித்தேன். போன முறை நடுவில் மட்டும் கஞ்சத்தனமாகத் தொட்டு வைத்தது பிழை. நிலைக்கு முகம் மேற்சட்டம். அதற்கு முழுக்க வைக்க வேண்டாமா? இந்த முறை மேல் விளிம்பு நீளத்துக்கும் எண்ணெயை இழுத்தேன். ஒரு முறை போதாதென்று இரண்டு முறை. துடைத்தும் விட்டேன்.

ஓடாவியார் திரும்பி வந்து கண்ணாடியை மூக்கில் சரிப்படுத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தின்னர் இன்னும் வடிவாய்க் காயேல்லைப்போலை. மினுங்குது."

"வெயிலுக்குத்தான் மினுங்கும்," என்றேன் நான்.

அந்த முறை ஒழுகினது முதல் தடவையை விட மோசம்.

இதற்குள் இரண்டு கிழமை போய்விட்டது. மச்சாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"மச்சாள், நயினாதீவுக்கு எப்ப வெளிக்கிடுறம்? எனக்குச் சீலை தோய்க்க வேணும்."

"தோய்ச்சு வை."

"காத்துக் கொஞ்சம் தெற்காலை அடிக்கிற மாதிரி இருக்கு."

"உன்ரை மூக்குத்தான் தெற்காலை திரும்பியிருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வந்து தலைவாசல் கதிரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காற்று உண்மையாகவே கொஞ்சம் திரும்பியிருந்தது.

அடுத்த நாள் மகனிடம் சொன்னேன், "உங்களுக்குத் தண்ணியைப் பற்றி ஒண்டும் தெரியாது. நான் பாக்கிறன்."

நான் சும்மா சொல்லவில்லை. தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்பிவிட்ட கை இது. வாய்க்காலில் எலி துளை போட்டால், தண்ணீர் பத்துப் பாத்திக்கு அங்கால் போய்த்தான் வெளியே வரும். நனைந்த இடத்தில் மண்ணை அடைத்தால் ஒரு நாளும் நிற்காது. மேலே போய்த் துளையைப் பிடிக்க வேண்டும். படகிலும் மெத்தை நனைகிற இடத்தைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு வாளியில் மஞ்சள் கரைத்தேன். மகனை உள்ளே விளக்கோடு இருக்கச் சொன்னேன். நான் வெளியே நின்று, செம்பால் மெல்ல மெல்ல, முதலில் யன்னலின் கீழ் விளிம்பில் மட்டும் ஊற்றினேன்.

"வருதோ?"

"இல்லை."

இடது ஓரம். இல்லை. வலது ஓரம். இல்லை. ஓடாவியார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, பள்ளிக்கூடம் நடத்தலாம் நீங்கள்," என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்தபடியே மேல் விளிம்பில் ஊற்றினேன்.

"வருது அம்மா. மஞ்சளாய் வருது. மேல் சட்டம் நீளத்துக்கும் வருது."

செம்பு என் கையிலேயே நின்றுவிட்டது. மேல் சட்டம் நீளத்துக்கும். நான் எண்ணெய் இழுத்த அதே இடம்.

என்றாலும் வாய் திறக்கவில்லை. இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது, வேறு ஏதாவது காரணம் இருக்கலாம் என்று.

ஓடாவியார் மூன்றாவது முறையாகச் சட்டத்தைக் கழற்றினார். கீழேயும் ஓரங்களிலும் பசை உடும்பு மாதிரிப் பிடித்திருந்தது, தகடு வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மேலே மட்டும் ஒரு நாடாவை இழுத்தாற்போல் முழுசாய்க் கழன்று அவர் கையில் வந்தது. அதைத் தூக்கிப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"தம்பி, இதிலை ஆர் தோசை சுட்டது?"

மகன் வாங்கி முகர்ந்து பார்த்தான். "நல்லெண்ணெய்." ஓடாவியாரைப் பார்த்தான். "நீங்கள் சாப்பிட்டுப்போட்டுக் கை கழுவாமல் பசை பிடிச்சியளோ?"

ஓடாவியார் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

"கழுவினனான் தம்பி." கையைச் சட்டையில் துடைத்தார். "கழுவினனான் எண்டுதான் நினைக்கிறன். எனக்கும் வயசு போட்டுது. நீங்கள் வேறை ஆளைப் பாருங்கோ."

அவர் சிரட்டையில் திருகாணிகளைப் போடத் தொடங்கினார். அத்தனை வாய்க்கார மனிதர், ஒரு பகிடியும் விடாமல்.

வேறு ஆள் தேடுவதற்குள் சோளகம் வந்துவிடும். நான் பேசாமல் இருந்தால் என் மானம் தப்பும், பயணம் போய்விடும். சொன்னால் பயணம் தப்பும், மானம் போய்விடும். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்று போகிறது. பிறகு அந்த மனிதர் தன் கையையே நம்பாமல் நிற்கிறதைப் பார்த்தேன். கடகத்தின் அடியில் கையை விட்டு, போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அவரின்ரை கையிலை ஒண்டும் இல்லை. எண்ணெய் இதிலை இருந்தது."

இரண்டு பேரும் போத்தலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"நிலை வைக்கேக்கை எண்ணெய் வைக்கிறதுதானே," என்றேன். "முதல் முறை கொஞ்சம். ரெண்டாம் முறை கொஞ்சம் கூட."

மகன் விறுக்கென்று மேலே ஏறிப் படகின் முன்பக்கத்துக்குப் போய்விட்டான். கோபமாக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது, படகே ஆடியது.

ஓடாவியார் வாங்கில் உட்கார்ந்தார்.

"அக்கா, ரெண்டு முறை என்ரை வேலையிலை எண்ணெய் ஊத்திப்போட்டு, ரெண்டு முறையும் எனக்குச் சோத்துக்குத் தேங்காய்ப்பால் சொதியும் ஊத்தினியள். சொதியைக் குடிச்சுக்கொண்டு நான் உங்களை எவ்வளவு புகழ்ந்து புழுகினன் தெரியுமோ."

"புழுகினது பொய்யோ?"

"சொதி நல்லம்தான்."

"அப்ப பிறகென்ன. இருந்து வேலையைச் செய்யுங்கோ. நாளைக்கும் சொதி வரும்."

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தான். "ஓடாவியார், முதலிலை அம்மாவைக் கரையிலை இறக்கிவிட்டிட்டு வாறன்."

"நான் இறங்க மாட்டன். இதிலை இருந்து காவல் காப்பன். எலிக்குக் காவல் எலிதான் நல்லது."

ஓடாவியார் திரும்பவும் சுரண்டி, இரண்டு மடங்கு தின்னரால் துடைத்தார். பசைக் குழாயை எடுத்ததும் எனக்கு மனம் கேட்கவில்லை. எண்ணெய் இல்லை, சரி. ஒன்றுமே இல்லாமலா?

"ஓடாவியார், ஒரு கற்பூரமாவது காட்டட்டோ?"

"தின்னர்ப் போத்தல் திறந்து கிடக்கு அக்கா. கற்பூரம் கொளுத்தினால் யன்னல் மட்டும் இல்லை, நாங்களும் போயிடுவம்."

"தேவாரம் படிச்சால்?"

அவர் யோசித்தார். "வாயிலை எண்ணெய் இல்லைத்தானே? தள்ளி நிண்டு படியுங்கோ."

தள்ளி நின்று படித்தேன். அவரும் பசையைப் பிதுக்கிக்கொண்டே கடைசி அடியை என்னோடு சேர்ந்து பாடினார். பாதிப் பல் இல்லாததால் பாதிச் சொற்கள் காற்றாகப் போயின.

இரண்டு நாள் காய விட்டோம். இரண்டு நாளும் பகல் முழுக்க நான் அந்த யன்னலுக்கு எதிரே வாங்கில் இருந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, மகனையும் கிட்ட அண்ட விடவில்லை. மூன்றாம் நாள் ஓடாவியார் வந்து பதினாறு திருகாணிக்கும் ஒவ்வொரு சின்ன முறுக்குக் கொடுத்தார். துறையில் இருந்த தண்ணீர்க் குழாயை இழுத்து என் கையில் தந்தார்.

"இறைப்புக்காரி நீங்கள்தானே. அடியுங்கோ."

அடித்தேன். கால் மணித்தியாலம், கை நோகும் வரைக்கும், மேல் விளிம்பிலேயே அடித்தேன். உள்ளே மகன் ஒரு வெள்ளைத் தாளை யன்னலின் கீழ் விரித்து வைத்திருந்தான். அதைக் கொண்டுவந்து காட்டினான். ஒரு சொட்டும் இல்லை. ஓடாவியார் தாளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, தன் சட்டைப் பைக்குள் மடித்து வைத்தார்.

அந்தக் கிழமையே போனோம். மகன், நான், மச்சாள். மச்சாள் தோய்த்து வைத்த சீலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பலகையில் ஏற அவளுக்கு இரண்டு பேர் கை பிடிக்க வேண்டியிருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி நின்றேன்.

விடியக் காற்று பின்னால் இருந்தது. பாய் விரிந்தது. இஞ்சின் நின்றதும் ஒரு அமைதி. தண்ணீர் படகைத் தடவிக்கொண்டு போகிற சத்தம் மட்டும். இத்தனை வருடம் லோஞ்சின் இரைச்சலில் போனவளுக்குக் கடலுக்கு இப்படியொரு சத்தம் இருப்பது தெரியாது. அனலைதீவு தாண்ட, காற்று தெற்கால் திரும்பியது. படகு ஒரு பக்கம் சரிந்தது. இடது பக்கம் அலை வந்து மோத, மச்சாள் வாங்கில் சுருண்டு படுத்து, வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்.

"மச்சாள், உந்த யன்னலாலை தண்ணி வராதோ?"

"வராது. நீ கண்ணை மூடு."

அலை ஒன்று யன்னலை முழுக்க மூடியது. வெளியே பச்சைத் தண்ணீர், நுரை. நான் கையை மெத்தையில் வைத்தேன். பிறகு பற்றரிப் பெட்டியின் மேல் வைத்தேன். பிறகு, ஒருவரும் பார்க்கவில்லை என்றதும், மேல் சட்டத்தை விரலால் நீளத்துக்கும் தடவினேன்.

மேலே இருந்து மகன் கத்தினான். "அம்மா, உள்ளுக்கை எப்பிடி?"

"காய்ஞ்சு கிடக்கு. நீ பாயைப் பார்."

அம்மாளைக் கும்பிட்டு, அன்னதான மடத்தில் சாப்பிட்டு, இஞ்சினில் திரும்பி வந்தோம். வரும்போது மச்சாளுக்குத் தலைச்சுற்று இல்லை. மேலே வந்து மகனுக்குப் பக்கத்தில் இருந்து, எந்தக் கயிறு எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வீதியில் நான் வாய் திறக்க இடமே தரவில்லை. "எங்கடை கப்பலிலை," என்று அவளே தொடங்கிவிட்டாள். எண்ணெய்ப் போத்தல் கதை மட்டும் அவளுக்குத் தெரியாது. யன்னலை ஏன் மூன்று முறை கழற்றினது என்று கேட்டதற்கு, நல்ல வேலைக்காரர்கள் மூன்று முறை பார்த்துத்தான் செய்வார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் எழுத எனக்கு ஒன்பது காலை போனது. இனி என் கண்ணுக்கு என் எழுத்தே தெரியவில்லை. அதனால்தான் பேத்தியைக் கூப்பிட்டேன்.

"வா பிள்ளை, இதிலை இரு. துவக்கத்திலை இருந்து ஆறுதலாய் வாசி, நான் கேக்கிறன். பிழை கிடந்தால் பிறகு திருத்துவம். எண்ணெய் வாற இடத்தையும் விடாமல் வாசி. மச்சாள் வேலிக்கு அங்காலை விறகு அடுக்கிறாள்தான். கேட்டால் கேக்கட்டும், நயினாதீவுக்குப் போய் வந்தாச்சுத்தானே."